பத்து சதவீதம் குறைப்பதற்கு முன் கடை கடையாகக் கணக்குப் போடுங்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பா தொடங்கிய மசாலைச் சாமான் மொத்த வியாபாரத்தை இப்போது இவரும் தம்பியும் நடத்துகிறார்கள். காய்ந்த மிளகாய், வெங்காயம், பருப்பு, மல்லி, சீரகம், பட்டை கிராம்பு என்று 40 வகைச் சாமான். பினாங்குத் தீவிலும் எதிரே நிலப்பகுதியில் உள்ள செபராங் பிறையிலுமாக 60 வாடிக்கைக் கடைகள். அவற்றில் பாதிக்கு மேல் நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும்) கடைகளும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளும், மற்றவை மளிகைக் கடைகள்.

எட்டு மாதத்துக்கு முன்பு கிள்ளான் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பெரிய விநியோக நிறுவனம் ஒன்று பிறையில் கிடங்கு திறந்தது. கைப்பேசிச் செயலியில் ஆர்டர் போட்டால் மறுநாள் காலையில் சரக்கு வந்துவிடுகிறது. மிளகாய் கிலோவுக்கு 80 காசு குறைவு. இதுவரை 11 கடைகள் அந்தப் பக்கம் போய்விட்டன. போதாததற்கு, இவர்கள் சரக்கு எடுக்கும் இறக்குமதியாளரே இரண்டு பெரிய உணவகங்களுக்கு நேரடியாகப் போட ஆரம்பித்துவிட்டார்.

“எல்லாச் சாமானிலும் 10 சதவீதம் குறைப்போம், ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்கள்” என்கிறார் தம்பி. “முப்பது வருஷம் கடன் கொடுத்துப் பழகிய கடைகள், எங்கும் போகாது” என்கிறார் அப்பா. இதற்கிடையே அக்கம்பக்கத்து மொத்த வியாபாரிகள் ஐந்து பேர் ஒரு காகிதம் தயாரித்திருக்கிறார்கள்: மிளகாய், வெங்காயம், பருப்பு மூன்றையும் இன்ன விலைக்குக் கீழே யாரும் விற்கக்கூடாது, ஒருவர் கடையை இன்னொருவர் தொடக்கூடாது. அடுத்த வாரம் கையெழுத்து வாங்க வருகிறார்களாம்.

‘கையெழுத்துப் போடலாமா? அடக்கத்துக்கும் கீழே விற்கிறவர்கள்மேல் புகார் கொடுக்க முடியாதா? விலையைக் குறைப்பதா, அல்லது பக்கத்துக் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணிப் பக்கம் போய்ப் புதுக் கடைகளைப் பிடிப்பதா?’ இவைதான் அவருடைய கேள்விகள். இரண்டு தரப்பு விலைப்பட்டியலையும் மூன்று மாதக் கடன் கணக்கையும் கூடவே அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தம்பியையும் போட விடாதீர்கள்.

கையெழுத்து ஏன் கூடாது

‘நாங்கள் சின்ன வியாபாரிகள், பிழைக்க வழி தேடுகிறோம், இதில் என்ன தப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் நோக்கத்தைப் பார்த்து விட்டுவிடுவதில்லை. 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, ஒரே தொழிலில் உள்ளவர்கள் தங்களுக்குள் விலையை நிர்ணயிப்பதும் சந்தையைப் பங்கு போட்டுக்கொள்வதும் அதனளவிலேயே குற்றம். அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் காகிதத்தில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. ‘ஒப்பந்தம்’ என்பதில் வாய்ப்பேச்சும், எழுதாத புரிந்துணர்வும், சங்கத்தின் தீர்மானமும் அடக்கம். ஆகவே, “கையெழுத்து வேண்டாம், வார்த்தை போதும்” என்று யாராவது வழி சொன்னால் அதுவும் வழியல்ல.

அளவில் சிறியவர்களை, இந்தச் சட்டத்தை நடத்தும் மலேசியப் போட்டி ஆணையம் கண்டுகொள்ளாது என்பதும் தவறான நம்பிக்கை. 2013 டிசம்பரில், கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயா வட்டாரத்து ஐஸ் உற்பத்தியாளர்கள் அடுத்த ஜனவரி 1 முதல் ஐஸ் கட்டி மூட்டைக்கு 50 காசும், பெரிய பாளத்துக்கு 2.50 வெள்ளியும் (ரிங்கிட்) ஏற்றுவதாகப் பத்திரிகையில் அறிவித்தார்கள். ஒளித்துச் செய்யவில்லை, தப்பு என்றே நினைக்கவில்லை. மலேசியப் போட்டி ஆணையம் விசாரித்து 2015இல் 24 உற்பத்தியாளர்களுக்கு அபராதம் விதித்தது. அதே ஆண்டு சிபுவில் ரொட்டி, பலகாரம் செய்கிறவர்களின் சங்க உறுப்பினர்களும் சேர்ந்து விலை ஏற்றியதற்காக மாட்டினார்கள். விதிமீறல் நடந்த காலம் முழுவதற்குமான மொத்த விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம் போடச் சட்டம் இடம் தருகிறது. விற்பனையில் 10 சதவீதம், லாபத்தில் அல்ல. விதிமீறல் ஒரு வருடம் நீடித்தால், உங்கள் தொழிலுக்கு அது ஏறக்குறைய அந்த வருடத்தின் மொத்த லாபம் (சரக்கின் அடக்கம் மட்டும் போக மிஞ்சுவது).

அடுத்த வாரம் அவர்கள் வந்தால் மரியாதையாக உட்கார வைத்துத் தேநீர் கொடுங்கள். விலைப் பேச்சு ஆரம்பித்ததும், “அண்ணே, இதில் எங்களைச் சேர்க்காதீர்கள்” என்று தெளிவாகச் சொல்லி எழுந்துவிடுங்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் சம்மதம் என்று ஆகிவிடும். சொன்ன தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண் இருந்தால், அங்கேயும் ஒரு வரி போட்டுவிட்டு வெளியேறுங்கள்.

விற்பனை விலையைப் பேசாமல், நாலு பேர் சேர்ந்து ஒரு கொள்கலன் வெங்காயம் எடுப்பது வேறு விஷயம். அதற்கு வழி இருக்கலாம். ஆனால் போட்டியாளர்கள் சேரும் எந்த ஏற்பாட்டையும் வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள்.

புகார் கொடுத்தால்?

அடக்கத்துக்குக் கீழே விற்பது மட்டுமே குற்றமாகிவிடாது. சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் போட்டியாளரை ஒழிக்க அப்படிச் செய்தால்தான் சட்டத்தின் 10ஆம் பிரிவு வரும். பொதுவாக 60 சதவீதத்துக்கு மேல் சந்தைப் பங்கு இருந்தால் ஆதிக்கத்தின் அறிகுறி என்று ஆணையத்தின் வழிகாட்டி சொல்கிறது. பினாங்குக்கு வந்து எட்டு மாதமே ஆன ஒருவரிடம் அதைக் காட்டுவது கடினம்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் அடக்கத்துக்குக் கீழே விற்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? உங்கள் அடக்கத்துக்குக் கீழே விற்கிறார்கள், அதுதான் தெரியும். நேராகக் கொள்கலன் எடுப்பவருக்கு இறக்குமதியாளரின் லாபம் மிச்சம். அந்த விலை அவர்களுக்குக் கட்டுப்படியாகலாம். அப்படியென்றால் ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் ஓடிவிடுவார்கள் என்ற எண்ணத்துக்கே அடிப்படை இல்லாமல் போகிறது.

பட்டியலின் கீழ் வரிகளைப் பாருங்கள்

நீங்கள் அனுப்பிய இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தேன். 40 சாமான்களில் அவர்கள் கண்ணில் படும்படி குறைத்திருப்பது ஐந்தில்தான்: மிளகாய், பெரிய வெங்காயம், துவரம் பருப்பு, மல்லி, மஞ்சள் தூள். 26 சாமான்களில் சில காசு முன்னே பின்னே. ஏலக்காய், நட்சத்திரப்பூ, சீரகம், கசகசா உட்பட ஒன்பதில் உங்கள் விலைதான் குறைவு. உங்கள் கடிதத்தில் அந்த ஒன்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

புதிதாகச் சந்தைக்குள் வருகிறவர்கள் இப்படித்தான் விலை வைப்பார்கள். கடைக்காரர் மூட்டை மூட்டையாக வாங்குவதும், தூக்கத்தில் கேட்டாலும் விலை சொல்லக்கூடியதும் மிளகாயும் வெங்காயமும்தான். அதில் குறைத்தால் ‘எல்லாமே அங்கே மலிவு’ என்ற பேச்சு பரவும். அரைக் கிலோ ஏலக்காய்க்கு யாரும் இரண்டு இடத்தில் விலை கேட்பதில்லை. அங்கே விட்டதை இங்கே பிடிக்கிறார்கள். இதற்குப் பதிலாக நீங்கள் 40 சாமானிலும் குறைத்தால், அவர்கள் போட்டி போடாத 35 சாமானிலும் உங்கள் லாபத்தை நீங்களே கொட்டிவிடுகிறீர்கள்.

முதலில் மிளகாயைச் சரிபாருங்கள். உங்களுடையது காம்பு கிள்ளிய குண்டூர் தேஜா என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடையதில் காம்பு இருக்கிறதா? தெரிந்த கடையில் ஒரு கிலோ கேட்டு வாங்கி, காம்பைக் கிள்ளி, மறுபடி தராசில் போடுங்கள். கிலோ 11.20 வெள்ளி மிளகாயில் 70 கிராம் காம்பாகப் போனால் 78 காசு அங்கேயே போய்விடுகிறது. கையில் அள்ளிப் பிடித்தும் பாருங்கள். மொறுமொறுவென்று உடையாமல் துவண்டால் ஈரம் இருக்கிறது. அப்போது கடைக்காரர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். இரண்டு மிளகாயையும் இரண்டு தட்டில் வைத்து, கிள்ளிய காம்பையும் பக்கத்தில் வைத்து, கடைச் சமையல்காரரிடம் காட்டுங்கள். முதலாளியை விட அவருக்குத்தான் உடனே புரியும். காம்பும் இல்லை, நன்றாகக் காய்ந்தும் இருக்கிறது என்றால், அந்த ஒரு சாமானில் நீங்கள் இறங்கி வரத்தான் வேண்டும்.

பத்து சதவீதம் என்பது எவ்வளவு

உங்கள் மொத்த லாபம் 100 வெள்ளி விற்பனைக்கு 12 வெள்ளி என்கிறீர்கள். எல்லாவற்றிலும் 10 குறைத்தால் மிஞ்சுவது 2. பழைய லாபத்தையே பார்க்க இப்போது விற்பதைப்போல ஆறு மடங்கு சரக்கு விற்க வேண்டும். ஆறு மடங்கு மூட்டை, ஆறு மடங்கு கிடங்கு, ஆறு மடங்கு கடன். தம்பியிடம் இந்த ஒரு கணக்கை மட்டும் காட்டுங்கள், போதும்.

3 சதவீதம் குறைத்தால் மிஞ்சுவது 9. வேறு மாதிரி சொன்னால், மொத்தமாக 3 சதவீதம் குறைத்து எல்லாக் கடைகளையும் வைத்துக்கொள்வதும், விலையைத் தொடாமல் கால்வாசி வியாபாரத்தை இழப்பதும் மொத்த லாபத்தில் ஒன்றுதான். போன 11 கடைகள் உங்கள் 60இல் கால்வாசிகூட இல்லை. பயம் நியாயமானது, ஆனால் பயப்படும் அளவுக்கு இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

எனவே நான் சொல்வது: மிளகாய், வெங்காயம், பருப்பு மூன்றில் மட்டும், வாரம் இத்தனை மூட்டைக்கு மேல் எடுத்து, சொன்ன நாளில் பணம் கட்டும் கடைகளுக்கு மட்டும் விலை குறையுங்கள். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். “அந்த அளவு எடுங்கள், அந்த விலை உங்களுக்கும்” என்று யாரிடமும் சொல்லும்படி இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்து விலை வைத்தால் ஒரு வாரத்தில் எல்லாக் கடைக்கும் தெரிந்துவிடும்.

கடனும் லோரியும்

அப்பாவின் கருத்துக்கு வருகிறேன். அவர்மேல் உள்ள மரியாதையோடுதான் சொல்கிறேன்: முப்பது வருட உறவு உண்மை, ஆனால் பாக்கி இருப்பதால் கடை உங்களோடு நிற்கும் என்பது உண்மையல்ல. பெரும்பாலும் அதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். உங்கள் கடன் கணக்கைப் பாருங்கள். போன 11 கடைகளில் ஏழு கடைகளுக்கு 90 நாளுக்கு மேல் பாக்கி இருக்கிறது. பழைய பாக்கி வைத்திருப்பவருக்கு உங்கள் லோரியைப் பார்த்தாலே சங்கடம். அதனால் புது ஆளிடம் கைக்காசு கொடுத்து வாங்குகிறார், உங்கள் பாக்கி அப்படியே தொங்குகிறது. அவர் 80 காசுக்காக மட்டும் போகவில்லை.

30 நாள் தவணை என்று பில்லில் அச்சடித்திருக்கிறீர்கள், பணம் வருவதோ சராசரி 75 நாளில். வங்கி ஓவர்டிராஃப்ட்டுக்கு நீங்கள் கட்டும் 8 சதவீத வட்டியில், 100 வெள்ளிச் சரக்குக்கு அது 1.64 வெள்ளி. 12 வெள்ளி லாபத்தில் இது முதலில் கழிகிறது. ஒரு கடை 8,000 வெள்ளி பாக்கியோடு மூடிவிட்டால், அதை ஈடுகட்ட சுமார் 67,000 வெள்ளிக்குப் புதிதாக விற்க வேண்டும். கடன் கொடுப்பதும் ஒரு விலைக் குறைப்புதான். வாங்குகிறவருக்கு அது தெரியும். நீங்கள்தான் அதைக் கணக்கில் எழுதாமல் இருக்கிறீர்கள்.

ஏழு நாளில் கட்டினால் ஒன்றரை சதவீதம் கழிவு என்று அறிவியுங்கள். 75 நாள் 7 நாளானால் வட்டியில் மட்டும் ஏறக்குறைய அதே அளவு மிச்சமாகும், கடன் மூழ்கும் பயமும் குறையும். பழைய பாக்கி வைத்திருக்கும் அந்த ஏழு பேரிடம் அப்பாவே நேரில் போகட்டும். “பாக்கியை மாதம் கொஞ்சமாகக் கட்டுங்கள், புதுச் சரக்குக்குக் கைக்காசு கொடுங்கள், விலை இன்னது” என்று அவர் சொன்னால் கேட்பார்கள். இந்த வேலையை வேறு யாராலும் செய்ய முடியாது. எந்தச் செயலியாலும் முடியாது.

அடுத்தது லோரி. ஓட்டுநர், உதவியாள், டீசல், டோல், பழுது எல்லாம் சேர்த்து ஒரு லோரிக்கு நாளைக்கு 360 வெள்ளி, 20 கடை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு கடை வாசலில் லோரி நின்றாலே 18 வெள்ளி. வாரம் இருமுறை 120 வெள்ளிக்கு ஆர்டர் கொடுக்கும் கடையில் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் லாபம் 14.40 வெள்ளி. போகும்போதெல்லாம் கைக்காசு போட்டுவிட்டு வருகிறீர்கள். அப்படிப்பட்ட கடைகள் உங்கள் பட்டியலில் குறைந்தது 14 தெரிகின்றன. அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை 250 வெள்ளிக்கு எடுக்கச் சொல்லுங்கள், அல்லது கிடங்குக்கு வந்து எடுத்தால் ஒரு விலை வையுங்கள். பாலத்துக்கு டோல் தீவுக்குப் போகும்போதுதான். தீவுக் கடைகளை ஒரே நடையில் சேர்த்து, நாளைக் குறைத்துப் போடுவது நல்லது.

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது, தகுதியுள்ள சரக்கு வாகனங்களுக்கு ஃப்ளீட் கார்டு வழியாக மானிய விலை தரப்பட்டது. உங்கள் இரண்டு லோரிக்கும் அந்தக் கார்டுக்கு விண்ணப்பித்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் உடனே விசாரியுங்கள். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியான பிறகும் உங்கள் விநியோகச் செலவை யாரும் திரும்பக் கணக்கிடவில்லை என்று நினைக்கிறேன். மேலே உள்ள 360 பழைய எண்ணாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இறக்குமதியாளர்

அவர் நேரடியாக விற்பதை ‘துரோகம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் அவரோடு உங்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. அவர் யாருக்கும் விற்கலாம். சண்டைக்குப் போகாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். ‘பெரிய உணவகங்கள் அவருக்கு, சிறு கடைகளுக்குப் பிரித்துப் போடும் வேலை எங்களுக்கு’ என்று ஏற்பாடு செய்ய ஆசை வரும். அதைச் செய்யாதீர்கள். அவரே நேரடியாக விற்கத் தொடங்கிவிட்டதால் கடைகளுக்கு விற்பதில் அவரும் உங்களுக்கு ஒரு போட்டியாளர், இப்போது அது சந்தையைப் பிரிப்பதாகிவிடும். கேட்க வேண்டியது வேறு: மாதம் இத்தனை டன் உறுதியாக எடுத்தால் என்ன விலை, எத்தனை நாள் தவணை, சரக்குத் தட்டுப்பாடு வந்தால் எங்களுக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘இன்ன விலைக்குக் கீழே விற்கக்கூடாது’ என்று அவர் நிபந்தனை போட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மறுவிற்பனை விலையை இப்படிக் கட்டுவதையும் ஆணையம் கடுமையாகவே பார்க்கிறது.

கூடவே இரண்டாவது இறக்குமதியாளர் ஒருவரைப் பிடித்து வையுங்கள். 2023 டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது, 2024 மே 4இல்தான் தடை நீங்கியது. அதன் பிறகும் 40 சதவீத ஏற்றுமதி வரி இருந்தது. அந்த மாதங்களில் வேறு நாட்டுச் சரக்கை வைத்திருந்த வியாபாரியிடம் யாரும் விலை பேரம் பேசியிருக்க மாட்டார்கள். ஒரே ஆளிடம் சரக்கு எடுக்கும் நீங்கள் அப்போது எப்படிச் சமாளித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பின்சந்தில் மூட்டை இறங்கவில்லையென்றால் பதினொரு மணிக்கு நாசி கண்டார் கடையில் குழம்பு இருக்காது. சரக்கு நிச்சயமாக வரும் என்பதற்குக் கடைக்காரர் காசு கொடுப்பார்.

சுங்கை பட்டாணி

இப்போதைக்கு வேண்டாம். அங்கே புதிதாக நுழைகிறவர் நீங்கள். பிறையில் அவர்கள் செய்வதைத்தான் அங்கே நீங்கள் செய்தாக வேண்டும்: நாலைந்து சாமானில் விலை குறைத்து, ஆள் தெரியாத கடைகளுக்குக் கடன் கொடுத்து. அதற்கான முதல் உங்கள் பாக்கிப் புத்தகத்தில் முடங்கிக் கிடக்கிறது. பழைய பாக்கியில் பாதி கைக்கு வந்து, லோரிக் கணக்கும் சரியான பிறகு, ஒரே தெருவில் ஆறேழு கடைகளைக் கைக்காசுக்கு மட்டும் பிடித்து மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். ஒரு நிறுத்தத்துக்கு 18 வெள்ளி அங்கே எவ்வளவாகிறது என்று முதல் நாளிலிருந்தே எழுதி வாருங்கள். அது எந்த நாளிலும் கடையின் லாபத்தைத் தாண்டினால், அந்தத் தெருவை விட்டுவிடுங்கள்.